கட்டிடமும் மின்தூக்கியும்

ஊவா மலைநாட்டின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்தவர்கள் அவற்றின் தோற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். மலைச்சரிவில் மூன்று நான்கு மாடிகளாக உயர்ந்து நிற்கும் நீண்ட கட்டிடம். நாற்புறமும் வரிசை வரிசையாகச் சாளரங்கள். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் அக்கட்டிடத்தின் மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கு உரியவை. மலையிலிருந்து வந்த பச்சைக் கொழுந்து பொறியின் உதவியால் முதலில் மேலே தூக்கப்படும். வாடிய பின்னர், தன் எடையினாலேயே கீழ்த்தளத்து இயந்திரங்களுக்கு இறங்கிவரும். ஏற்றுவதற்குப் பொறி, இறக்குவதற்குப் புவியீர்ப்பு என்று செலவையும் வேலையையும் அளந்து செய்த ஏற்பாடு அது.

கொழுந்துக்குக் கிடைத்த இந்த வசதி, அதனைக் கொய்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறதா என்பது எண்ணத்தக்க கேள்வி. ஆண்டுக்கணக்கில் கூடை சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கிய ஒரு தாய், ஓய்வு பெற்ற பின் சேமலாப நிதி அலுவலாகப் பட்டினத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் போகவேண்டிய அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்குமானால், அவளுடைய முழங்கால்கள் அத்தனை படிகளையும் தாங்குமா? பதுளையிலும் பண்டாரவளையிலும் மொனராகலையிலும் கட்டிடங்கள் உயரமாக எழும்பிவரும் இக்காலத்தில், மின்தூக்கி என்பது ஆடம்பரப் பொருள் அன்று. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டிடங்களில் எல்லோருக்கும் அணுகு வசதி அமையவேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே மின்தூக்கி வேண்டுமா என்பதைவிட, எத்தகைய மின்தூக்கி வேண்டும் என்பதே கட்டிடம் எழுப்புவோர் ஆராயவேண்டிய வினாவாகும்.

‘லிப்ட்’ என்று பேச்சுவழக்கில் கூறப்படும் இப்பொறியின் வரலாறு நீண்டது. கயிறு அறுந்தால் கூண்டு வீழ்ந்துவிடும் என்ற அச்சமே மனிதரை அதில் ஏறவிடாமல் நெடுங்காலம் தடுத்தது. அமெரிக்கரான எலிசா ஓட்டிஸ், கயிறு அறுந்தாலும் கூண்டு வீழாதபடி பற்றிக்கொள்ளும் தடுப்பை அமைத்து, 1854ஆம் ஆண்டில் நியூயோர்க் கண்காட்சியில் மக்கள் முன்னிலையில் தாமே மேலேறி நின்று, கயிற்றை வெட்டச் செய்து காட்டினார். ஜெர்மனியில் வெர்னர் வொன் சீமென்ஸ் 1880ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் தூக்கியைக் காட்சிக்கு வைத்தார். இன்று 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கொழும்புத் தாமரைக் கோபுரத்தில் மக்கள் அச்சமின்றி ஏறுகிறார்கள் என்றால், அதற்கு வித்திட்டது அந்தப் பாதுகாப்புத் தடுப்பேயாகும்.

இன்று வழக்கில் உள்ள வகைகளுள் முதன்மையானது வடத்தால் இயங்குவது. இதன் தத்துவம் தமிழருக்குப் புதியதன்று. கிணற்றடித் துலாவின் அடிமுனையில் பாரம் கட்டுவது எதற்காக? நீர் நிறைந்த பட்டையை மேலே கொணரும் உழைப்பில் ஒரு பகுதியை அந்தப் பாரம் ஏற்றுக்கொள்வதற்காகவே. மின்தூக்கியிலும் உருக்கு வடத்தின் ஒரு முனையில் கூண்டும் மறுமுனையில் எதிரெடையும் தொங்குகின்றன. கூண்டின் எடையோடு, ஏறக்கூடிய முழுச் சுமையில் ஏறக்குறையப் பாதியையும் சேர்த்து எதிரெடை அமைக்கப்படும். அதனால் மோட்டார் இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தூக்கினாற் போதும்; மின்சாரம் மிச்சமாகிறது. சில மாடிகள் முதல் வானளாவிய கோபுரங்கள் வரை இவ்வகை பொருந்தும். முன்னர் இதற்குக் கூரைமேல் தனியே ஓர் இயந்திர அறை தேவைப்பட்டது. 1996ஆம் ஆண்டில் பின்லாந்தின் கோனே நிறுவனம், சிறிய மோட்டாரைச் செங்குத்து வழியின் உள்ளேயே பொருத்தும் முறையை அறிமுகப்படுத்திய பின், நடுத்தர உயரக் கட்டிடங்களுக்கு அந்த அறை இன்றியமையாததாக இல்லை.

இரண்டாவது வகை எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. உருளையினுள் எண்ணெயைச் செலுத்த, தண்டு எழுந்து கூண்டை உயர்த்துகிறது. இறங்கும்போது மோட்டாருக்கு வேலையில்லை. வால்வு திறக்க, தன் எடையால் கூண்டு தாழ்கிறது. பெரும் பாரத்தை மெல்லத் தூக்க இது நன்று. நான்கைந்து மாடிகளுக்கு மேல் ஏற்றதன்று. பெரும்பாலும் எதிரெடை இல்லாமையால் ஏறும்போது மிகுந்த மின்வலுவை வேண்டும். எண்ணெய்க் கசிவையும் கவனித்துவரல் வேண்டும். மூன்றாவது, சக்கர நாற்காலியில் வருவோரை ஓரிரு தளங்களுக்கு மட்டும் ஏற்றும் மேடைத் தூக்கி. வேகம் குறைவாயினும், பாடசாலைக்கும் சிறு அலுவலகத்துக்கும் இது போதுமானதாக இருக்கலாம். பொருள்களுக்கு மட்டும் உரிய தூக்கி நான்காவது வகை. அதில் மனிதர் ஏறுதல் ஒருபோதும் தகாது.

வகையைத் தெரிவதற்கு முன், யாரைத் தூக்கப்போகிறோம் என்று கேட்டல் வேண்டும். எட்டுப் பேருக்கான 630 கிலோகிராம் கூண்டு, ஏறக்குறைய 1.1 மீற்றர் அகலமும் 1.4 மீற்றர் ஆழமும் உடையது. சக்கர நாற்காலியும் துணைவர் ஒருவரும் செல்ல அது போதும். அதனையே வைத்தியசாலையில் அமைத்தால், நோயாளி படுத்திருக்கும் கட்டில் உள்ளே நுழையாது. கட்டிலுக்குரிய தூக்கி ஏறத்தாழ 1.4 மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் ஆழமும், 1,600 கிலோகிராம் சுமைத்திறனும் வேண்டுவது. சத்திரசிகிச்சை முடிந்த நோயாளியைப் படிவழியே நால்வர் சுமந்து செல்லும் இடர்ப்பாடு, பொறி பழுதாவதால் மட்டும் நேர்வதன்று. வரைபடம் தீட்டிய நாளில் இந்த அளவைக் கேளாமல் விட்டதாலும் நேர்வதாகும்.

அடுத்துக் கருதவேண்டியது நிலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் சரிவிலே எழுந்த கட்டிடங்கள் பல. தெரு ஒரு பக்கத்தில் மேல்தளத்தைத் தொடும். முற்றம் மறுபக்கத்தில் கீழ்த்தளத்தைத் தொடும். அத்தகைய இடத்தில் முதியோருக்கான கருமபீடங்களைத் தெருமட்டத் தளத்திலேயே அமைத்துவிட்டால், பொறியின் வேலை பாதியாகக் குறைந்துவிடும். தூக்கி வேண்டுமாயினும், எதிரெதிர்ப் பக்கங்களில் கதவுகள் உள்ள கூண்டைத் தெரிவு செய்தல் நன்று. மொனராகலைப் பக்கத்தில் சமநிலம் அதிகம். அங்கே கட்டிடத்தை உயர்த்தாமல் பரப்புவதும் ஒரு வழி. ஆனால் சாய்தளம் ஒன்றே எதற்கும் போதும் என்று எண்ணிவிடலாகாது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 3 மீற்றர் உயர, 36 மீற்றர் நீளமான சாய்தளம் வேண்டும். இளைப்பாறும் தட்டுகள் வேறு. ஒரு தளத்துக்கு அது இயலும். மூன்று தளங்களுக்கு இயலாது. கூண்டின் அடியில் வெட்டப்படும் குழியில் மாரிகால ஊற்றுநீர் புகாதபடி காப்பதும் மலைநாட்டில் மறக்கக்கூடாத காரியம்.

மூன்றாவது, மின்சாரமும் பராமரிப்பும். 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் நின்றதும் கூண்டை அண்மையிலுள்ள தளத்துக்குக் கொணர்ந்து கதவைத் திறக்கும் மின்கலச் சாதனம் இல்லாத தூக்கியை, விலை மலிவு என்பதற்காக வாங்குதல் கூடாது. வைத்தியசாலையாயின் மின்பிறப்பாக்கியும் வேண்டும். பழுது நேரும்போது கொழும்பிலிருந்து தொழில்நுட்பவியலாளர் மலையேறி வரும்வரை கதவில் அறிவிப்புப் பலகை தொங்குமானால், எவ்வளவு நவீனமான பொறியாயினும் பயனில்லை. ஆகவே விலைமனுக்களைக் கோரும்போதே, எத்தனை மணிநேரத்தில் ஆள் வருவார், உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும், ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவாகும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். தீவிபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. அதனால் நல்ல படிக்கட்டின் தேவை ஒருபோதும் நீங்குவதில்லை.

பொதுக் கட்டிடம் எழுப்பும் சங்கங்களுக்கும் சபைகளுக்கும் பணம் எப்போதும் போதாமலே இருக்கும். மின்தூக்கியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனினும் பொறியைப் பின்னர் வாங்கலாம். அதற்கான இடத்தைப் பின்னர் வாங்க இயலாது. கட்டிடம் எழும்போதே குழியையும் செங்குத்து வழியையும் தக்க அளவில் விட்டு, தளந்தோறும் தற்காலிகப் பலகையிட்டு, அதுவரை அதனைப் பண்டசாலையாகப் பயன்படுத்தலாம். அவ்வாறு இடம் ஒதுக்கிய கட்டிடத்தில், பணம் சேர்ந்த அன்று பலகையை அகற்றிப் பொறியைப் பொருத்திவிடலாம். ஒதுக்காத கட்டிடத்திலோ, சுவரை உடைக்கும் செலவைக் கேட்டே திட்டம் கைவிடப்படும். முதியவர்கள் தொடர்ந்து படிக்கட்டின் அடியிலே காத்திருப்பார்கள்.