தொட்டிக்குள் என்ன இருக்கிறது?



செனாயிலிருந்து தேசாரு நெடுஞ்சாலையில் போனால் பாசிர் கூடாங். 2019 மார்ச் 7-ஆம் தேதி அங்கே சுங்கை கிம் கிம் ஆற்றோரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியது. யாரோ ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியது என்ன? அதுதான் முதல் கேள்வி.

இதே கேள்வியை அமெரிக்காவும் கேட்க நேர்ந்தது. வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் அணுகுண்டுக்காகப் புளூட்டோனியம் பிரித்தார்கள். மிஞ்சிய கதிரியக்கக் கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில், ஏறக்குறைய 20 கோடி லிட்டர். அதில் நைட்ரேட் உப்பு ஏராளம். பிரித்தெடுக்கப் பயன்பட்ட கரைப்பான்களும் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயும் கலந்திருந்தன. நைட்ரேட் ஆக்சிஜன் கொடுக்கும்; கரிமப் பொருள் எரியும். இரண்டும் காய்ந்து சூடேறினால் என்னவாகும்?

இது வீண் பயமல்ல. 1957 செப்டம்பர் 29-இல் சோவியத் நாட்டின் மாயாக் ஆலையில் ஒரு தொட்டியின் குளிரூட்டல் பழுதானது. உள்ளிருந்த நைட்ரேட்டும் அசிடேட்டும் காய்ந்து வெடித்தன. சுமார் பத்தாயிரம் பேர் ஊரை விட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

அபாயமான தொட்டிகளை அடையாளம் காணும்படி 1990-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. குழாய் இறக்கி மாதிரி எடுத்தார்கள். கரிமப் பொருள் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, சூடாக்கினால் எழும் வெப்பம் எவ்வளவு என்று அளந்தார்கள். விடை ஆறுதலாக இருந்தது. நெடுங்காலக் கதிர்வீச்சும் சூடும் அந்தப் பொருள்களைச் சிதைத்து, ஆக்சலேட், ஃபார்மேட் போன்ற வீரியம் குறைந்தவையாக மாற்றியிருந்தன. ஈரமும் காப்பாக நின்றது. 1998-இல் இந்த வெடிப்பு அபாயக் கோப்பு மூடப்பட்டது.

ஆனால் தொட்டிகளின் ஆவியால் உடல்நலம் கெட்டதாகத் தொழிலாளர்கள் பிறகும் முறையிட்டார்கள். ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் எல்லாக் கேள்வியும் தீர்ந்ததாகாது.

அங்கே அளந்ததால் பயம் தெளிந்தது. இங்கே ஒளித்துக் கொட்டியதற்குப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் இருக்கின்றன. கழிவைப் பட்டியலிட வேண்டும். பீப்பாயில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். தாளில் இருக்கும் அந்தப் பெயர் பீப்பாயிலும் இருக்கிறதா? தொழிற்பேட்டைகள் சூழ்ந்த செனாய் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆறு நாறிய பிறகு அல்ல, லாரி புறப்படும் முன்பே கேட்க வேண்டும்.