நிறுத்தாதீங்க, சொல்லுங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் விருப்பப்படி பெயர் வெளியிடவில்லை.)



நான் பீடி சுற்றுகிறவள். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 2007-லிருந்து கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தது 1986-ல், நம்ம சென்னையில். அரசு இலவசமாக மருந்து தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதற்கு முன்னால் காசு இல்லாதவர்களுக்கு மருந்தே இல்லை.

எனக்கு முதலில் தந்ததில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. ரெண்டு வருஷத்தில் பாதம் தீயாய் எரிஞ்சுது. விரல் மரத்து, சுளவை மடியில் வைத்தால் இலை பிடிபடாது. கன்னம் ஒட்டிப்போச்சு. "என்ன மைனி, இப்படி வத்திட்டிய?" என்று தெருவில் கேட்டார்கள். விஷயம் வெளியே தெரிஞ்சிரும் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மூணு மாசம் மாத்திரையை நிறுத்தினேன். டி.பி. வந்து படுத்த படுக்கையானேன்.

சொல்லாமல் நிறுத்தியதுதான் என் தப்பு. டாக்டரிடம் சொன்னதும் வேறு மருந்து மாற்றித் தந்தார்கள். அந்த ஸ்டாவுடினை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. இடையில் சாப்பிட்ட எஃபாவிரென்ஸில் தலைசுற்றும், கெட்ட கனவு வரும். படுக்கும்போது போட்டுச் சமாளித்தேன். இப்போது டோலுடெகிராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. கொஞ்சம் எடை கூடியிருக்கு, அவ்வளவுதான். சர்க்கரையும் கிட்னியும் அப்பப்ப பரிசோதிக்கிறார்கள்.

ஒன்று கவனமாக இருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, சில நெஞ்செரிச்சல் மருந்துகள் இதெல்லாம் டோலுடெகிராவிரின் வேலையைக் குறைக்கும். எதை எப்போது போடணும் என்று மருந்து தரும் இடத்திலேயே கேளுங்கள்.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும். அப்படியே இருக்கும்வரை உடலுறவால் கணவனுக்கும் பரவாது.

நான் படுத்துக் கிடந்தபோது குழுவில் ஒரு அக்கா என் பங்கு பீடியையும் சுற்றித் தந்தாள். "என்ன சீக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணை தவறவில்லை, பிள்ளை பட்டினி கிடக்கவில்லை.

இங்கேயும் சொல்லாமல் வைத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். எங்களிடம் சொல்லணும் என்று கட்டாயமில்லை. நம் சம்மதமில்லாமல் அடுத்தவரிடம் சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். 1097-க்குப் போன் போட்டால் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணை வேணுமா, நான் வருகிறேன்.