கதவு திறக்கும்போது



பெல்ஜிய நாட்டின் கென்ட் நகரில், இன்று புனித பாவோ பேராலயமாக விளங்கும் கோவிலில் ஒரு சிற்றாலயம் உண்டு. அதன் பீடத்துக்காக யோஸ் வைட் என்ற செல்வந்தரும் அவர் மனைவி எலிசபெத்தும் பொருள் கொடுத்து ஓர் ஓவியம் செய்வித்தார்கள். வான் எய்க் சகோதரர்கள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அது 1432இல் நிறைவு பெற்றது.

ஓவியத்தின் நடுவே பீடத்தின்மேல் ஒரு செம்மறி. அதன் நெஞ்சிலிருந்து வழியும் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. ஆனால் அது சாய்ந்து கிடக்கவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. பலியாகி உயிர்த்த ஆண்டவரின் அடையாளம் அது.

பொருள் கொடுத்தவர்கள் எங்கே? கதவுகளின் வெளிப்புறத்தில், கைகூப்பி முழந்தாளிட்டிருக்கிறார்கள். கணவருக்குப் பக்கத்தில் திருமுழுக்கு யோவான் ஆட்டுக்குட்டியை ஏந்தி, அதைச் சுட்டிக்காட்டுகிறார். அக்காலத்தில் திருவிழா நாளில் கதவுகள் திறந்தன. கொடுத்தவர்கள் பின்னால் மறைந்தார்கள். மக்கள் செம்மறியைக் கண்டார்கள்.

நாமும் ஆலயத்துக்கு மின்விசிறி, இருக்கை, சுரூபம் எனக் கொடுக்கிறோம். பெயர் எழுதுவது பாவமல்ல; அந்தத் தம்பதியரும் தங்கள் உருவத்தை வரையச் செய்தவர்களே. ஆனால் பெயர் விடுபட்டதற்காகத் திருப்பலிக்கே வராமல் நின்றுவிடுகிறோமே, அப்போது நாம் கொடுத்தது யாருக்கு? குருக்களாகிய எங்களுக்கும் இதே கேள்விதான்.

அடுத்த திருப்பலியில் அப்பத்தை உயர்த்தி இறைவனின் செம்மறியைக் காட்டும்போது, ஒரு நொடி நம்மை மறப்போம். காணிக்கை அப்போதுதான் நிறைவு பெறும். ஆமென்.