வண்ண மீன் வளர்ப்பு: தொட்டி கட்டும் முன் சில விஷயங்கள்

(முத்தாண்டிக்குப்பத்தில் சுயதொழில் உதவி கேட்டு மனுக் கொடுத்த சகோதரிகளுக்காக நடந்த கூட்டத்தில், அறக்கட்டளையின் நலக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சகோதரிகளே, இந்த முறை நம்மிடம் வந்த மனுக்களில் தையல் இயந்திரமும் ஆடு வளர்ப்பும் வழக்கம்போல் இருந்தன. புதிதாகச் சிலர் வண்ண மீன் வளர்ப்புக்கு வட்டியில்லாக் கடன் கேட்டிருக்கிறீர்கள். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "குப்பி மீன் மாதாமாதம் குட்டி போடுமாம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமாம்" என்கிறீர்கள். குட்டி போடும் என்பது உண்மைதான். ஆனால் போட்ட குட்டியைக் காப்பாற்றி விற்றால்தானே காசு? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நம் நாட்டுக்கு இது புதிய ஆசை அல்ல. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் மீன் காட்சியகம் இருந்தது. தொழிலாக இது வளர்ந்த இடம் சென்னை கொளத்தூர். அங்கே பெரிய முதலாளிகள் தொடங்கவில்லை. காலி மனையிலும் வீட்டுக் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டிய சாதாரணக் குடும்பங்கள்தான் தொடங்கின. ஊர் நெருக்கமாகி மனை விலை ஏறியதும் பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி பக்கம் நகர்ந்தன. வியாபாரம் மட்டும் இன்றும் கொளத்தூரில்தான் நடக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கடலூர் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நெமோ என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்தக் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, கடலோரப் பெண்களுக்கு அதை வளர்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த மீன் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். அல்லாஹ்வின் படைப்பில் இப்படியும் ஒன்று! ஆனால் அது உப்புநீர் மீன். நமக்கு ஏற்றது நன்னீர் மீன்தான்.

முதலில் தண்ணீர். போர் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். காற்றோட்டம் கொடுத்து, தெளிய வைத்துத்தான் அதை விட வேண்டும். உப்புத்தன்மை கொஞ்சம் கூடுதலான கடினத் தண்ணீர் என்றால் கலங்காதீர்கள். குப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்களுக்கு அது பிடிக்கும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

புதிய சிமெண்ட் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விடக் கூடாது. சுண்ணாம்புக் காரம் மீனைக் கொன்றுவிடும். வாழை மட்டையை வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, சில நாளுக்கு ஒரு முறை கொட்டி மாற்றி, இரண்டு மூன்று வாரம் ஊற விட வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலத் தொட்டியில் ஒன்றரை அடி தண்ணீர் நிறுத்தினால் சுமார் 2,100 லிட்டர். அத்தனை தண்ணீரை இறைக்கவும் மாற்றவும் மோட்டார் வசதி இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள். இட வசதி இல்லாதவர்கள் தார்ப்பாய்த் தொட்டியில் தொடங்கலாம்.

கண்ணாடித் தொட்டியில் அழகாக வைத்த மீன் ஒரே வாரத்தில் செத்துப்போனால் கண்ணேறு என்கிறார்கள். கண்ணேறு இல்லை, அம்மோனியா. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் குறைவாக, தீனி குறைவாக. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத்தான் போட வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் வடிகட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் மீனைக் கொல்கிறது.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். குப்பி குட்டி போட மூன்று முதல் நான்கு வாரம். போட்ட கையோடு தாயே குட்டிகளைத் தின்னும். செடி அடர்த்தியாக இருந்தால் ஒளிந்து பிழைக்கும், இல்லையென்றால் தாயைப் பிரித்துவிட வேண்டும். தங்கமீன் ஆகாயத்தாமரை வேரில் முட்டையை ஒட்டவிடும். முட்டை ஒட்டிய வேரை எடுத்து வேறு தொட்டியில் போடுங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் பொரிக்கும். ஃபைட்டர் மீனில் ஆண்தான் பொறுப்பான தகப்பன். வாயால் குமிழிக் கூடு கட்டி, முட்டையைக் காத்து நிற்கும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடித்தே கொன்றுவிடும். ஒன்று சொல்லிவிடுகிறோம்: பந்தயம் கட்டிச் சண்டைக்கு விட ஃபைட்டர் கேட்டு வருகிறவர்களுக்கு விற்கிறவர்களுக்கு நம் கடன் இல்லை.

குஞ்சுகளின் முதல் வாரத் தீனியில்தான் பலரும் தோற்கிறார்கள். பொரித்த குஞ்சின் வாய் ஊசி முனை அளவு. கடைத் தூள் தீனி அதற்குள் போகாது. வாழைப்பழத் தோலை ஒரு பாட்டில் தண்ணீரில் ஊறவைத்தால் சில நாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். முதலில் அது, அடுத்து ஆர்ட்டீமியா அல்லது தண்ணீர்ப்பூச்சி. சாக்கடை ஓரத்தில் அள்ளி விற்கிற சிவப்புப் புழுவை வாங்காதீர்கள். நோயையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். வலை மூடாத தொட்டியில் தவளையும் மீன்கொத்தியும் தும்பிப் புழுவும் உங்களுக்கு முன்னால் அறுவடை செய்துவிடும்.

மின்சாரம் இன்னொரு கவலை. 2011 டிசம்பரில் தானே புயல் நம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்று மோட்டார் சில மணி நேரம் நின்றாலே போதும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றைக் கடன் கணக்கிலேயே சேர்த்துக் கொள்ளுங்கள்.

மானியம் பற்றிக் கேட்டீர்கள். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் என்று மதிப்பு வைத்தார்கள். பெண்களுக்கு 60 சதவீதம், அதாவது 1,80,000 ரூபாய் மானியம். மீதி 1,20,000 நம் கைக்காசு. பொதுவாக வேலை முடிந்து அதிகாரிகள் பார்த்த பிறகுதான் மானியம் வரும். ஆகவே முழுச் செலவுக்கும் வழி இருக்க வேண்டும். "முன்பணம் கொடுங்கள், மானியம் வாங்கித் தருகிறோம்" என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கடலூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்போம், கூட நாங்கள் வருகிறோம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பான விஷயம். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று கறுப்பாக, உடம்பெல்லாம் முள்தகடாக ஒரு மீன் விற்கிறார்களே, டேங்க் கிளீனர், அது தென் அமெரிக்க மீன். கைவிரல் அளவில் வாங்குவது ஒரு முழம் வளரும். வளர்ந்ததும் இடம் போதாமல், பாவம் என்று ஏரியில் விடுகிறார்கள். அங்கே அது பெருகி, கரையைக் குடைந்து, வலையைக் கிழிக்கிறது. தின்னவும் ஆள் இல்லை, விற்கவும் வழியில்லை. தமிழ்நாட்டின் பல ஏரிகளில் மீனவர்கள் இதனால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. அந்த ஏரிகளை நம்பி விவசாயிகளும் மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது நம்மிடம் கொண்டு வாருங்கள். கடன் பத்திரத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதியிருக்கிறோம்.

கொசுவுக்காகக் குப்பி கேட்பவர்களுக்கும் இதே பேச்சுதான். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம், பத்து நாள். வீட்டுச் சிமெண்ட் தொட்டியிலும் மூடாத கிணற்றிலும் நான்கு குப்பி விட்டால் புழுவைத் தின்றுவிடும். வாய்க்காலிலும் ஏரியிலும் விட வேண்டாம், அங்கே நம் நாட்டுச் சிறுமீன்களே அந்த வேலையைச் செய்கின்றன.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறோம். பண்ருட்டி, நெய்வேலி, கடலூரில் மீன் கடை வைத்திருக்கும் மூன்று பேரிடமாவது போய், எந்த மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை, என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று எழுதி வாருங்கள். பொட்டலத்தில் செத்த மீனுக்கு யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். அந்தத் தாளோடு, உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில். இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மனுவில் கையெழுத்துப் போடுவோம்.