காடு காக்கும் கைகளுக்குக் கொஞ்சம் காசு

(குருபரப்பள்ளியில் நடந்த முன்னாள் மாணவர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



வனவிலங்குக் கடத்தலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "வீரப்பன் போயி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்னய்யா கடத்தல்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிப் பக்கம் அந்தக் கதை முடிந்தது. ஆனால் வியாபாரம் முடியவில்லை. மொத்த வியாபாரம் போய்ச் சில்லறை வியாபாரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மண்ணுளிப் பாம்பை எடை போட்டுக் கோடிக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். விஷமே இல்லாத அந்த அப்பாவிப் பாம்புக்கு இரண்டு தலை, மருந்து சக்தி என்று கதை கட்டி, வாங்குகிறவனையும் ஏமாற்றுகிறார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்துப் புதர்க்காடுகளில் இருக்கும் நட்சத்திர ஆமை பெட்டிக்குள் அடைபட்டு விமானம் ஏறுகிறது. 2019-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்த பிறகும் விமான நிலையங்களில் பிடிபட்டுக் கொண்டுதான் இருக்கிறது. உடும்பு, கவுதாரி, முயல் எல்லாம் கறிக்கு. காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயை யானைக்குட்டி கடித்து, வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது.

இதில் நாம் எங்கே வருகிறோம் என்று கேட்கலாம். கறி வாங்குகிறவன் யார் என்று பாருங்கள். காட்டோரத்துக் குடியானவன் சொந்த வீட்டுக்கு ஒரு முயல் பிடித்த காலம் வேறு. இன்றைக்குக் காசு கொடுத்து "காட்டுக்கறி கிடைக்குமா?" என்று போன் போடுகிறவன் சம்பளக்காரன். சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி வைக்கிறவன். ஓசூரிலிருந்து குருபரப்பள்ளி வரை சிப்காட்டுகள் வந்ததால் நமக்கெல்லாம் வேலை கிடைத்தது, சந்தோஷம். அதே சம்பளம்தான் இந்தச் சந்தையையும் வளர்க்கிறது. நம் கூட்டத்தில் யாரும் சாப்பிட்டதில்லை என்று யாராவது மேடையேறிச் சத்தியம் செய்தால் நான் இறங்கி விடுகிறேன்!

நம் மாவட்டம் இருக்கும் இடத்தையும் நினைக்க வேண்டும். பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று காவிரிக் கரை வரை யானைகள் நடக்கிற ஒரே தொடர்ச்சி இது. காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. சுமார் 504 சதுர கிலோமீட்டர். தெற்குச் சரணாலயம் 2022-ல் வந்தது, சுமார் 686. இவ்வளவு காட்டை வனக்காப்பாளர்கள் மட்டும் சுற்றி வந்து விட முடியாது. எல்லை தாண்டினால் கர்நாடகம், அங்கே வேறு வனத்துறை, வேறு நீதிமன்றம். கடத்துகிறவனுக்கு ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, பத்து நிமிஷ வேலை.

அதனால்தான் உள்ளூர் அமைப்புகள் வேண்டும் என்கிறேன். மேலகிரிக் காடுகளுக்காக வேலை செய்யும் கென்னத் ஆண்டர்சன் இயற்கைக் கழகம் நமக்கு அருகிலேயே இருக்கிற உதாரணம். இன்னும் பேர் கூட வைக்காமல் ஊருக்கு ஐந்தாறு இளைஞர்கள் செய்கிற வேலையும் உண்டு.

நாகாலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2012-ல் தோயாங் நீர்த்தேக்கத்தில், ஆப்பிரிக்காவுக்குப் பறக்கிற வழியில் தங்கும் அமுர் வல்லூறுகளை மீன் வலை கட்டி ஆயிரமாயிரமாகப் பிடித்தார்கள். கறிக்குத்தான். படம் வெளியே வந்ததும் உலகமே பதறியது. அடுத்த ஆண்டு, 2013-ல், பாங்தி கிராமத்தில் வேட்டை நின்று போனது. போலீஸ் மட்டும் நிறுத்தவில்லை. கிராம சபையும் தேவாலயமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்தின. வலை கட்டியவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டவும் வெளியிலிருந்து கொஞ்சம் பணம் வந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு முந்தைய பாடம் உண்டு. 1970-களில் பாம்புத் தோல் வணிகத்துக்குத் தடை வந்தபோது இருளர் மக்களின் பிழைப்பு போனது. 1978-ல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோலுக்காகப் பிடித்த அதே கை, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டது. அந்த விஷத்தில்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சரி, பணம் எங்கே இருக்கிறது? நம்ம ரோட்டோரத்துக் கம்பெனிகளிடமே இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர லாபம் 5 கோடியைத் தாண்டினாலே, கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும். தாவரங்களையும் விலங்குகளையும் காப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவமும் வேண்டும். ராத்திரி டார்ச் லைட்டோடு கண்ணி தேடுகிற பையன் ஆடிட்டருக்கு எங்கே போவான்? வெளிநாட்டுப் பணமென்றால் இன்னும் சிக்கல். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அதை வாங்கிய பெரிய நிறுவனம் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவே கூடாது. ஆக, பணம் வருகிறபோது போர்டு, பனியன், மாரத்தான் ஓட்டம் என்று போய் விடுகிறது. போட்டோவில் நன்றாக விழும்.

காட்டுக்கு வேண்டியது வேறு. வண்டிக்குப் பெட்ரோல். வனத்துறை அனுமதியோடு சுருக்குக் கம்பி எடுக்கப் போகிறவர்களுக்கு அன்றைய கூலி. எல்லாவற்றையும்விட முக்கியம், வழக்கு. பிடிபட்டவன் ஜாமீனில் வந்து விடுகிறான். வருஷங்கள் ஓடுகின்றன, அதிகாரி மாற்றலாகிப் போகிறார், சாட்சி வருவதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்ந்து, அரசு வழக்கறிஞருக்குக் காகிதம் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். மூன்று ஆண்டு, தவறாமல், மாதம் மாதம் சம்பளம் கொடுத்து அந்த ஆளை வைத்திருக்க வேண்டும். இதற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் எனக்குப் பயம் உண்டு. தகவலுக்கு இவ்வளவு என்று காசு வைத்தால், பொய்த் தகவலும் வரும். சந்தேகம் முதலில் இருளர் மேலும் நரிக்குறவர் மேலும்தான் விழும். அவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்துகிற அமைப்புக்கே பணம் கொடுக்க வேண்டும்; அடிதடிக் கும்பலுக்கு ஒரு பைசா கூடாது.

நான் கேட்பது இதுதான். நூறு பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 2,40,000. நம் சங்கமே ஒரு துணைக்குழு அமைத்து, கணக்குத் தெரிந்த நம் ஆட்களே சின்ன அமைப்புகளுக்குப் பதிவு, தணிக்கை, படிவம் எல்லாம் இலவசமாகச் செய்து கொடுக்கலாம். வணிகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கிற நண்பர்கள் உங்கள் சி.எஸ்.ஆர். கமிட்டியில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

மதியச் சாப்பாடு தயாராகி விட்டது என்று பொருளாளர் ஜாடை காட்டுகிறார். அவர் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. பந்திக்குப் போகும் வழியில் பெயரும் தொகையும் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது, ஏற்கனவே எழுதியாகி விட்டது.