நடுவிடம் யாருக்கு?
(வானொலி மறையுரை)



மாற்கு நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் கை சூம்பிய ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். ஓய்வுநாளில் அவர் தொழுகைக்கூடத்தில் இருக்கிறார். அவர் வந்ததைக்கூடப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆண்டவர் இயேசுவோ அவரை எல்லாருக்கும் நடுவே அழைத்து, அங்கேயே குணமளிக்கிறார். தொழுகைக்கூடத்தின் நடுவிடம் யாருக்கு உரியது என்பதை அன்று அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

இந்தக் கேள்வி செட்டியார்பட்டியைச் சுற்றி வாழும் நமக்கும் உரியது. தளவாய்புரத்தில் தையல், ராஜபாளையத்தில் பஞ்சாலை என்று தாயும் தந்தையும் வேலைக்குப் போகிற வீடுகள் நம்மிடையே பல. மாலையில் பிள்ளைகள் அமர்ந்து படிக்க அமைதியான இடம் இல்லை. முதியவர்கள் பேச்சுத்துணையின்றித் திண்ணையில் இருக்கிறார்கள். ஆலயமோ திருப்பலி முடிந்ததும் பூட்டப்படுகிறது. “சாமி, இதை மக்களுக்குத் திறந்துவிடக் கூடாதா?” என்று இளையோர் கேட்கிறார்கள். “தாத்தா காலத்துக் கோவில், அதில் கை வைக்கலாமா?” என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். இரண்டும் ஆலயத்தின் மேலுள்ள அன்பிலிருந்து வருகிற கேள்விகளே.

அன்பர்களே, நமக்குத் தெற்கே நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. 1872இல் அங்கே எழுந்த ஆலயத்தைக் கால்சட்டைக் கோவில் என்பார்கள். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. ஒரு சாதியாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இன்னொன்று. ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி இடையில் தடுப்பு. 1910இல் இயேசு சபைத் தந்தை கௌசானல் அந்தத் தடுப்பை அகற்றினார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலயத்துக்குள் சாதிப்படி தனியிடம் கேட்டவர்களின் கோரிக்கை அங்கே நிற்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். தடுப்பு போனது, கோவில் போகவில்லை. பழமையில் எல்லாமே காக்கத்தக்கது அல்ல. முன்னோரின் பக்தியும் கலையும் கட்டடத்தில் இருப்பதுபோல், அவர்களுடைய பாவமும் சில வேளை அதில் கட்டப்பட்டிருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்று பிரித்தறிவதே நம் கடமை.

மறுபக்கமும் உண்டு. புதுமை என்று எல்லாவற்றையும் இடித்துவிடவும் கூடாது. சென்னை சாந்தோம் பேராலயத்தைப் பாருங்கள். இன்றைய கட்டடம் 1896இல் எழுந்தது. திருத்தூதர் தோமாவின் கல்லறையைக் காண எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். திருப்பலி நடக்கையிலும் கூட்டம் வந்துகொண்டே இருந்தால் செபிப்பவர் என்ன செய்வார்? 2004இல் முடிந்த சீரமைப்பில் கல்லறைச் சிற்றாலயத்துக்கு வெளியிலிருந்தே தனி வழி அமைத்தார்கள், அருங்காட்சியகமும் அமைத்தார்கள். வருகிறவருக்கும் வரவேற்பு, செபிக்கிறவருக்கும் அமைதி. இதுவன்றோ ஞானம்!

குருக்களாகிய நாங்கள் இதில் தவறியதும் உண்டு. இளங்குருவாக இருந்த நாளில், ஒரு பங்கின் பழைய கோவிலைப் புதுப்பிக்கிறோம் என்று சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்டு பூசினோம். இரண்டே மழையில் சுவர் ஊதி உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். வயதான கொத்தனார் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். நாங்கள் அவரை நடுவே அழைத்துக் கேட்கவில்லை. ஓரத்திலேயே நிறுத்திவிட்டோம்.

அப்படியானால் வழி என்ன? திருச்சபைச் சட்டத்தின் 1210ஆம் பிரிவு நமக்கு உதவுகிறது. புனித இடம் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உரியது. அதன் புனிதத்துக்கு முரணாகாத வேறு பயன்பாட்டுக்கு, ஆயர் அவ்வப்போது அனுமதி தரலாம். ஆகவே பீடமும் நற்கருணைப் பேழையும் நம் பேரத்துக்கு உரியவை அல்ல. ஆனால் தாழ்வாரம் இருக்கிறது, பக்க அறை இருக்கிறது, கொடிமரத்தைச் சுற்றி முற்றம் இருக்கிறது. மாலை 6 முதல் 8 மணி வரை அங்கே விளக்கு எரிந்தால் போதும், பிள்ளைகள் படிப்பார்கள். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரட்டும்.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரின் பழைய டொமினிக்கன் ஆலயம் இன்று ஒரு புத்தகக் கடை. அங்கே வழிபாடு நின்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மக்கள் கட்டடத்துக்கு வேறு பயன் கண்டார்கள். நம் நிலை அதுவல்ல. நம்மிடம் செபிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இடம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். பல வேளை இருவரும் ஒரே வீட்டார். தாய் பீடத்தின் முன் முழந்தாளிடும்போது, மகள் தாழ்வாரத்தில் கணக்குப் போடட்டுமே! ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது, காக்கும்.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறவர் யார்? சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர் யார்? பங்குப்பேரவையில் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் அவர்கள் பெயர்களை எழுதுங்கள். ஆலயத்தை எப்படி மாற்றுவது என்று அந்தப் பட்டியலே நமக்குச் சொல்லித்தரும்.

செபிப்போமாக. ஓரத்தில் நின்றவரை நடுவே அழைத்த ஆண்டவரே, எங்கள் முன்னோர் கட்டியதைக் காக்கும் பொறுப்பையும், அவர்கள் எழுப்பிய தடுப்புகளை அகற்றும் துணிவையும் எங்களுக்குத் தாரும். நாங்கள் பூட்டிய கதவுகளை நீரே திறந்தருளும். ஆமென்.