ஏரியைச் சுற்ற ஒரு திட்டம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் முதலில் ஒரு சுற்றுலாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கடைசியில் கணக்குக்கு வந்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள்: "எப்பவும் நீங்களே முடிவு பண்ணிட்டு, நாளைக்குக் கிளம்பறோம்னு சொல்றீங்க. ஒரு தடவை நான் திட்டம் போடட்டுமா அப்பா?"

சரி என்றேன். நிபந்தனைகள் மூன்றே. இரண்டு நாள், ஓர் இரவு. இரவு தங்குவது கூடாரத்தில். மொத்தச் செலவு 6,000 ரூபாய்க்குள். போகிறவர்கள் ஐந்து பேர்: நாங்கள் இருவர், மகள், நான்காம் வகுப்பு படிக்கும் மகன், என் அம்மா. கார் மைத்துனருடையது, இரவல். கூடாரம் நண்பருடையது, அதுவும் இரவல்.

அவள் தேர்ந்தெடுத்த இடம் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பெரும்பகுதி ஆந்திரத்தில். "ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றி வரணும்" என்பதுதான் அவள் திட்டம்.

வரைபடத்தை விரித்து, ஏரியின் ஓரமாக நூல் வைத்து அளந்தாள். 150 கிலோமீட்டர் வந்தது. கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று மாமாவிடம் கேட்டு வைத்திருந்தாள். "10 லிட்டர் போதும் அப்பா" என்றாள். வகுத்தல் சரி. ஆனால் வீட்டிலிருந்து ஏரிக்குப் போகிற தூரத்தையும் திரும்பி வருகிற தூரத்தையும் அவள் சேர்க்கவே இல்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருப்பது ஸ்ரீஹரிக்கோட்டா தீவு. சதீஷ் தவான் விண்வெளி மையம் அங்கேதான் இருக்கிறது. நம் விருப்பத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு அந்தத் தீவின் நெடுகப் போக முடியாது. போனாலும் தென்முனையில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. அவள் வரைந்த வட்டத்தின் கிழக்குப் பாதி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

எனக்கு இது முன்பே தெரியும். வாய் துறுதுறுத்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளின் நோட்டில் பிழையைக் கண்டதும் சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை. அன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவளே கண்டுபிடித்தாள். வரைபடத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. "சொல்லியிருக்கலாமே" என்று என் மனைவி கண்ணாலேயே கேட்டார்.

பிறகு அவளே வரைபடத்தை எடுத்து வந்தாள். "வட்டம் வராது அப்பா. சாய்ச்சு வெச்ச 'ப' மாதிரி போகலாம்" என்றாள். தெற்கே பழவேற்காடு ஊர். அங்கிருந்து திரும்பி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக மேற்குப் பக்கமாகவே வடக்கே போவது. தடாவைத் தாண்டிச் சூளூர்ப்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலையில் அனுமதி உள்ள தூரம்வரை சென்று பறவை பார்ப்பது. கடைசியாக, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டு சரணாலயம். இந்தத் திட்டம் நான் போட்டிருக்கக்கூடியதைவிட நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு வீடே திட்டத்துக்குள் வந்துவிட்டது. மனைவி கேட்ட முதல் கேள்வி: "கூடாரம் சரி, கழிப்பறை எங்கே?" அதுவரை எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியில் ஏரிக்கரை முகாம் அடிபட்டுப்போனது. கும்மிடிப்பூண்டி பக்கம் நண்பர் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. மோட்டார் அறையும் கழிப்பறையும் உண்டு. அவரிடம் அனுமதி கேட்டுத் தங்குவது என்று முடிவானது. சருகு நிறைந்த தோப்பில் விறகடுப்பு கூடாது. சின்ன கேஸ் அடுப்பு மட்டும், அதுவும் மோட்டார் அறையின் சிமெண்டுத் தரையில் என்று எழுதிக்கொண்டாள்.

"ஏரிக்குப் போறோம், தண்ணிக்கென்ன பஞ்சம்? எதுக்குடா கேனைத் தூக்கறீங்க?" என்றார் அம்மா. பதில் சொன்னவன் சின்னவன்: "அது உப்புத் தண்ணி பாட்டி!" ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே வரும் கடல்நீரும் கலக்கும் இடம் அது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர். ஐந்து பேருக்கு இரண்டு நாளைக்கு 30 லிட்டர். சமையலுக்கும் சேர்த்து 20 லிட்டர் கேன் இரண்டு என்று மகள் முடிவு செய்தாள்.

சின்னவனுக்குக் கொடுத்த வேலை, சூரியன் மறையும் நேரத்தைக் கண்டுபிடிப்பது. டிசம்பர் கடைசியில் நம் பக்கம் மாலை 5.50 வாக்கில் மறைந்துவிடும். அப்படியானால் கூடாரம் அடிக்க ஆரம்பிக்கும் நேரம் 4.30. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் முதல் நாள் முழுவதையும் அமைத்தாள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மொட்டை மாடியில் கூடாரத்தை அடித்துப் பார்த்தோம். முளைகளில் இரண்டு இல்லை. தோப்பில் இருட்டியபின் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

சின்னவனுக்குப் படகுச் சவாரி வேண்டும். இதில் மட்டும் நான் தலையிட்டேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, உல்லாசமாகப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். "படகு இல்லை" என்று திட்டத்தின் முதல் பக்கத்தில் மகள் எழுதிவைத்தாள். பிள்ளைகளிடம் திட்டத்தைக் கொடுக்கலாம். உயிர்ப் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. அது நம்முடையது.

போனோம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய கதையைச் சொல்லி, அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற வழக்கத்தை அங்கே ஒரு பெரியவர் விளக்கினார். அது ஓர் அருமையான சுழற்சிக் கணக்கு. இரவு தோப்பில் பனி கொட்டியது. அம்மா மட்டும் மோட்டார் அறையில் படுத்துக்கொண்டு, "நான்தான் புத்திசாலி" என்றார்.

மறுநாள் நடந்ததை உங்களிடம் மறைக்கக்கூடாது. மகளின் திட்டத்தில் "6.30 கிளம்பணும்" என்று கோடிட்டு எழுதியிருந்தது. "இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம், பறவை எங்கே போய்விடும்?" என்றேன். ஏரிச் சாலையை அடையும்போது மணி 10.30. பூநாரைகள் இருந்தன, ஆனால் வெகு தொலைவில், வெயிலின் கானலில் இளஞ்சிவப்புக் கோடாக. அங்கே நின்றிருந்த ஒருவர், "காலையில சாலை ஓரத்துலயே மேஞ்சுது" என்றார். மகள் என்னைப் பார்க்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அன்று காரிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டம் போடும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அதை மீறும் அதிகாரத்தை மட்டும் நான் கையில் வைத்திருந்தேன்.

வீடு திரும்பியபோது மொத்தம் 290 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 15ஆல் வகுத்தால் 19 லிட்டரும் சொச்சமும். ஆனால் செலவானது 21 லிட்டர். எங்கே போனது அந்த இரண்டு லிட்டர் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

நம் பாடநூல் கணக்கில் தேவையான எண்கள் எல்லாம் இருக்கும். "ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில்..." என்று நாமே கொடுத்துவிடுகிறோம். பிள்ளைக்கு மிச்சமிருப்பது பெருக்கலும் வகுத்தலும். எது தெரிய வேண்டும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்ற வேலையை நாமே செய்து முடித்துவிடுகிறோம். வாழ்க்கையில் வரும் கணக்கில் அதுதான் முக்கால் பங்கு.

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ஐந்து ஐந்து பேராகக் குழு. ஒரு பெரிய ஏரிக்கு இரண்டு நாள் குடும்பப் பயணம், காகிதத்தில் மட்டும். நான் எந்த எண்ணும் தரமாட்டேன். முதல் பாடவேளையில் விடை எழுதக்கூடாது. தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகளை மட்டும் எழுத வேண்டும். ஒரு குழு 23 கேள்விகள் எழுதியது. "பாட்டிக்குச் சுகர் மாத்திரை இருக்கா?" என்பதும் அதில் ஒன்று.

இரண்டாம் பாடவேளையில் சராசரி வேகம் வந்தது. 20 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகம், அடுத்த 20 கிலோமீட்டர் கிராமச் சாலையில் 25 கி.மீ. வேகம். சராசரி என்ன? எல்லாரும் கூட்டி இரண்டால் வகுத்து 42.5 என்றார்கள். நேரத்தைக் கணக்கிடச் சொன்னேன். முதல் பகுதிக்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 48 நிமிடம். 40 கிலோமீட்டருக்கு 68 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 35 கி.மீ.தான். "அப்போ இருட்டறதுக்குள்ள போய்ச் சேர மாட்டோம் சார்!" என்று ஒரு பெண் பதறினாள். சராசரி வேகத்துக்காக ஒரு பிள்ளை பதறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எரிபொருள் கணக்கு போடும்போது, கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல். தேர்வுத்தாளில் பாதியை வெற்றாக விட்டுவிடும் மாணவன். அப்பா லாரி ஓட்டுநர். "சார், அஞ்சு பேரு, கூடாரம், ரெண்டு தண்ணிக் கேன். லோடு ஏத்தினா மைலேஜ் குறையும் சார். லிட்டருக்கு 14ன்னு போடுங்க." 290ஐ 14ஆல் வகுத்துப் பார்த்தேன். 20.7. என்னுடைய இரண்டு லிட்டர் கிடைத்துவிட்டது. அவனுக்குக் கணக்குத் தெரியாது என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பக்கம் வீராணம் இருக்கலாம், மதுராந்தகம் இருக்கலாம், காவேரிப்பாக்கம் இருக்கலாம். தொடக்கப் பள்ளியில் பையில் எடுத்துவைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலும், நூல் வைத்து அளப்பதும் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "யாரெல்லாம் சுற்றுலா போயிருக்கீங்க?" என்று கேட்டுத் தொடங்காதீர்கள். நம் பிள்ளைகளில் பலர் எங்கும் போனதில்லை. திட்டம் போடுவதற்குக் காசு தேவையில்லை; அதில் எல்லாப் பிள்ளையும் சமம்.

வரும் விடுமுறைக்கு அடுத்த திட்டம் தயாராகிறது. இந்தமுறை போடுகிறவன் சின்னவன். முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டான்: "படகு இல்லை. அப்பா நேரத்தை மாற்றக்கூடாது."